ரோட்டுக்கு என்று வாங்கிய பணம்



இந்தக் காலாண்டு இதழுக்கு நம் ஊர்ச் சரித்திரம் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஆசிரியர் குழுவில் கேட்டார்கள். அதே வாரம் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் அஜெண்டாவும் நம் எல்லோர் போனுக்கும் வந்தது. அதில் ஒரு பொருளை நீங்களும் கவனித்திருப்பீர்கள். உள்சாலைக்கும் பெயிண்டிங்குக்கும் என்று தனியாக வைத்திருக்கும் நிதியைப் பொதுக் கணக்கோடு சேர்த்துவிடலாமா என்பது அந்தப் பொருள். லிஃப்ட் பராமரிப்பு, ஜெனரேட்டர் டீசல், செக்யூரிட்டி சம்பளம் எல்லாம் ஏறிவிட்டன. மாதச் சந்தாவை ஏற்றினால் சண்டை வரும். அதனால் இந்த யோசனை. கமிட்டியின் கஷ்டம் எனக்குப் புரிகிறது.

ஆனால் முப்பத்தைந்து வருஷம் வங்கியில் லெட்ஜர் பார்த்தவனுக்கு இந்த மாதிரி வரியைப் படித்தால் கை சும்மா இருக்காது. எனவே கேட்ட சரித்திரத்தையும் இந்தப் பொருளையும் சேர்த்தே எழுதுகிறேன். ரோட்டுக்கு என்று வாங்கிய பணம் ரோட்டுக்குப் போனதா என்பதுதான் சரித்திரம். நம் தாமிரபரணிக் கரையிலிருந்தே தொடங்கலாம்.

சாலைக்கு நிலம் கொடுத்த காலம்

மதுரையிலிருந்து தெற்கே வரும் பழைய பாதையை இன்றும் பெரியவர்கள் மங்கம்மாள் சாலை என்பார்கள். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் பேரால் வந்த பெயர் அது. சாலையும் சாலையோர மரமும் சத்திரமும் அவர் பெயரோடு சேர்ந்தே பேசப்படுகின்றன.

அந்தக் காலத்தில் பராமரிப்புக்கு ஒரு எளிய ஏற்பாடு இருந்தது. சத்திரத்துக்கு ரொக்கம் கொடுக்க மாட்டார்கள், நிலத்தை எழுதிவைப்பார்கள். அந்த நிலத்தின் விளைச்சலில் சத்திரம் நடக்க வேண்டும். நம் பாஷையில் சொன்னால் ஃபிக்சட் டெபாசிட்டின் வட்டியில் செலவு நடத்துவது போல. முதலில் கை வைக்க முடியாது. ராஜா மாறி, நிலம் வேறு கைக்குப் போனபோதுதான் சத்திரங்கள் பாழடைந்தன.

அடுத்தது நாம் வாரம் இரண்டு முறையாவது கடக்கும் சுலோச்சன முதலியார் பாலம். 1843-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆற்றைப் படகில்தான் கடக்க வேண்டும். வெள்ளம் வந்தால் இந்த ஊர் வேறு, அந்த ஊர் வேறு. கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். அரை லட்சம் ரூபாய் என்று ஊரில் சொல்வார்கள். அந்த நாளில் அது எத்தனை பெரிய தொகை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். லண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயலில், 11 வளைவுகளோடு எழுந்தது பாலம்.

ஒருவர் தர்மத்தில் பாலம் கட்டலாம். ஆனால் ஒருவர் தர்மத்தில் அதை 180 வருஷம் பராமரிக்க முடியாது. பிறகு வந்த வெள்ளங்களில் சேதமானபோதும், வண்டிகள் பெருகி அகலப்படுத்த வேண்டிவந்தபோதும் செலவு செய்தது அரசுதான். அரசுப் பணம் என்றால் யாரோ கட்டிய வரிப் பணம். அந்த யாரோ யார் என்பதுதான் அடுத்த கேள்வி.

அரை அணா செஸ்

செஸ் என்ற சொல்லை ஏதோ நம் காலத்து பட்ஜெட் சொல் என்று நினைக்க வேண்டாம். 1866-ல் மதராஸ் மாகாணத்தில் ஜில்லா ரோடு செஸ் சட்டம் வந்தது. நிலத்தின் வாடகை மதிப்பில் ரூபாய்க்கு அரை அணா வரை சாலைக்கு என்று வசூலிக்கலாம். ரூபாய்க்கு 16 அணா என்பதால் இது முப்பத்திரண்டில் ஒரு பங்கு, சுமார் 3 சதவீதம். 1871-ன் லோக்கல் ஃபண்ட் சட்டம் இதை ஒரு அணா வரை உயர்த்தியது. அதில் பெரும் பங்கு சாலைக்கு, மீதி பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சுகாதாரம் போன்றவற்றுக்கு.

இதில் ஒரு நியாயக் குறை இருந்தது. நம் ஜில்லாவின் கரிசல் பருத்தி மாட்டு வண்டிகளில்தான் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போனது. 1876-ல் ரயில் வந்த பிறகும் ஸ்டேஷன் வரை வண்டிதான். இரும்புப் பட்டை போட்ட சக்கரம் சரளை ரோட்டை அறுத்துவிடும். பருத்தி வியாபாரம் லாபம் பார்த்தது. செஸ் கட்டியதோ நிலத்தைப் பிடித்திருந்தவர்கள், ஊரைவிட்டு வண்டி கட்டி வெளியே போகாத விவசாயியும் சேர்த்து.

வண்டிக்காரனிடம் வாங்க வேறு வழி இருந்தது: டோல்கேட். வழியை மறித்து ஒரு கேட், வண்டிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. வசூலைக் குத்தகைக்கு ஏலம் விடுவார்கள். குத்தகைக்காரர் ஏலத் தொகைக்கு மேல் எடுப்பதெல்லாம் அவர் லாபம். திருச்சிப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு நம்பர் 1 டோல்கேட் என்ற ஸ்டாப் தெரியும். சென்னை திருவொற்றியூரிலும் டோல்கேட் என்றே ஒரு ஸ்டாப் உண்டு. கேட் போய் எத்தனையோ காலம் ஆகியும் பெயர் நிற்கிறது.

ஆக அந்தக் காலத்தில் இரண்டே வழி இருந்தது. பயன்படுத்தாதவரிடமும் வாங்குவது அல்லது பயன்படுத்துபவரை ஒவ்வொரு கேட்டிலும் நிறுத்தி வாங்குவது. இரண்டும் யாருக்கும் பிடிக்கவில்லை.

பெட்ரோலில் கிடைத்த மீட்டர்

மோட்டார் வண்டி வந்ததும் உலகம் முழுக்க இந்தச் சிக்கலுக்கு ஒரே விடை கிடைத்தது. 1919-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் பெட்ரோலுக்குக் காலனுக்கு ஒரு சென்ட் வரி போட்டு, அதைச் சாலைக்கு என்று ஒதுக்கியது. அதிக தூரம் ஓடுகிறவர் அதிகம் பெட்ரோல் போடுவார். கனத்த வண்டி இன்னும் அதிகம் குடிக்கும். எனவே ரோட்டை யார் எவ்வளவு தேய்க்கிறார்கள் என்பதற்கு பெட்ரோல் டாங்கே மீட்டர் ஆகிவிடுகிறது. கேட் வேண்டாம், குத்தகைக்காரர் வேண்டாம்.

இந்தியாவில் 1927-ல் எம்.ஆர்.ஜெயகர் தலைமையில் சாலை வளர்ச்சிக் குழு அமைந்தது. அதன் யோசனைப்படி 1929-ல் பெட்ரோல் மீதான தீர்வை காலனுக்கு 4 அணாவிலிருந்து 6 அணாவாக ஏறியது. கூடுதலான 2 அணா மத்திய சாலை நிதி என்ற தனிக் கணக்குக்குப் போனது. ஒரு சிறு பங்கை இருப்பாக வைத்துக்கொண்டு, மீதியை அந்தந்த மாகாணம் எவ்வளவு பெட்ரோல் போட்டதோ அந்த விகிதத்தில் பிரித்துக் கொடுத்தார்கள்.

இந்த நிதிக்கு ஒரு விசேஷம் உண்டு. வழக்கமான பட்ஜெட் ஒதுக்கீடு மார்ச் 31-க்குள் செலவாகாவிட்டால் காலாவதியாகிவிடும். இது அப்படியல்ல. மீதி அடுத்த வருஷத்துக்குக் கணக்கில் நிற்கும். மழைக்கு முன் அவசரமாகத் தார் ஊற்றிப் பணத்தைத் தீர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

1931-ல் நம் மாகாணத்தில் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தது. பழைய டோல்கேட்டுகளை ஒழித்துவிட்டு, அதனால் வருமானம் இழந்த உள்ளாட்சிகளுக்கு வாகன வரியிலிருந்து ஈடு கொடுத்தார்கள். ஒன்றைக் கவனியுங்கள். இதற்குப் பதிலாக அது என்று மக்களிடம் சொல்லித்தான் வரி வந்தது. வாகன வரி கட்டு, கேட்டை எடுத்துவிடுகிறேன் என்று ஒரு பேச்சு.

பெயர் மட்டும் மிஞ்சிய கதை

இங்கே ஒரு நிமிஷம் லண்டனுக்குப் போய்வர வேண்டும். இதே திட்டம் அங்கே 20 வருஷம் முன்னதாகவே தொடங்கி, நமக்கு முன்பே முடிந்தும் போனது. 1909 பட்ஜெட்டில் லாயிட் ஜார்ஜ் பெட்ரோலுக்குக் காலனுக்கு 3 பென்ஸ் தீர்வையும் கார்களுக்கு வரியும் போட்டார். எல்லாம் ரோட்டுக்கே என்று வாக்குக் கொடுத்தார். மோட்டார்க்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். கார்கள் பெருகின, நிதி பெருத்தது. 1926-ல் நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அந்த நிதியிலிருந்து பொதுச் செலவுக்கு எடுத்துக்கொண்டார். 1937-லிருந்து வாகன வரி நேராகவே பொதுக் கருவூலத்துக்குப் போனது. இன்றும் அந்த நாட்டு மக்கள் அதை ரோடு டாக்ஸ் என்றுதான் சொல்கிறார்கள்.

சர்ச்சில் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கார் வைத்திருப்பவர் கட்டும் வரி முழுவதும் கார்களுக்கே போக வேண்டும் என்றால், மதுவுக்கு வரி கட்டுபவர் தனக்கு என்ன திருப்பிக் கேட்பார்? அரசுக்கு ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் உண்டே. இது நியாயமான வாதம். என் எதிர்ப்பு செலவைப் பற்றியது அல்ல. ஒன்றின் பெயரைச் சொல்லி வாங்கி, வேறொன்றுக்குச் செலவழித்து, பெயரை மட்டும் மாற்றாமல் விடுவதைப் பற்றியது.

நம் நாட்டில் வேறு விதமாக நடந்தது. இங்கே நிதியை யாரும் எடுக்கவில்லை, வளரவிடவில்லை. தீர்வை 1931-ல் காலனுக்கு இரண்டரை அணாவானது. ஒரு காலன் ஏறக்குறைய நாலரை லிட்டர். கணக்குப் போட்டால் லிட்டருக்குச் சுமார் மூன்றரைப் பைசா. சுதந்திரம் வந்து, அணா போய் நயா பைசா வந்து, பெட்ரோல் விலை பல மடங்கு ஏறியும் ரோட்டின் பங்கு பல பத்தாண்டுகள் சில பைசாவிலேயே நின்றது. கேஷ் புக்கில் கணக்கு இருந்தது, அதில் சொல்லிக்கொள்ளும்படி பணம் இல்லை.

ஒரு ரூபாயிலிருந்து 18 ரூபாய்

1998-ல் பெட்ரோலுக்கும், அடுத்த ஆண்டு டீசலுக்கும் லிட்டருக்கு 1 ரூபாய் சாலைக்கு என்று வந்தது. 2000-த்தில் மத்திய சாலை நிதிச் சட்டம் அதற்கு உறுதியான உருவம் கொடுத்தது. டீசலில் வந்ததில் பாதி கிராமச் சாலைகளுக்கு. மீதி தேசிய நெடுஞ்சாலை, மாநிலச் சாலை, ரயில்வே மேம்பாலம் என்று சதவீதம் போட்டுப் பிரித்தார்கள். மதுரை - கன்னியாகுமரி நாலுவழிச் சாலை போன்ற பெரிய வேலைகள் எழுந்தது இந்தக் காலத்தில்தான். பல கிராமங்களுக்கு முதன்முதலாகத் தார் ரோடு போனதும் அப்போதுதான். பெயர் சொல்லி வாங்கிய பணம் அந்தப் பெயருக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

பிறகு செஸ் ஏறிக்கொண்டே போனது. 2018-ல் நிதியின் பெயர் மத்திய சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதி என்று மாறியது. அந்த "உள்கட்டமைப்பு" என்ற ஒரு சொல்லுக்குள் ரயில், குடிநீர், பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் வந்துவிட்டன. 2020 மே மாதத்தில், ஊரடங்குக் காலத்தில், இந்த செஸ் லிட்டருக்கு 18 ரூபாய் ஆனது. அப்போது பெட்ரோல் மீதான மத்திய வரி மொத்தம் 32 ரூபாய் 98 காசு. ஓடாத வண்டிகளின் காலத்தில் ரோட்டுக்கு என்று இவ்வளவு.

ஏன் செஸ் என்றே ஏற்றுகிறார்கள்? சாதாரண கலால் வரியாக இருந்தால் மாநிலங்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டும். செஸ்ஸில் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. அரசியல் சாசனத்தின் 270-வது பிரிவு அப்படிச் சொல்கிறது.

இனி ஒரு லிட்டரின் பில்லைப் பார்ப்போம். 2022 மே 22 குறைப்புக்குப் பின் சென்னையில் பெட்ரோல் 102 ரூபாய் 63 காசு. இதில் மத்திய வரி 19.90. அந்த 19.90-ல் சாலை செஸ் 5 ரூபாய், விவசாய செஸ் 2.50, சிறப்புக் கூடுதல் தீர்வை 11 ரூபாய், மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படைத் தீர்வை வெறும் 1.40. மாநிலத்தின் வாட் 13 சதவீதமும் அதோடு 11.52 ரூபாயும், இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 22 ரூபாய். ஆக மொத்த வரி சுமார் 42 ரூபாய். அதில் ரோடு என்று பெயர் போட்டது 5 ரூபாய். 2025 ஏப்ரலில் மத்திய அரசு மேலும் 2 ரூபாய் ஏற்றியது. அதுவும் ரோட்டின் பெயரில் அல்ல.

அந்தப் பெயர் போட்ட பணமாவது முழுக்கப் போய்ச் சேருகிறதா? மத்திய தணிக்கைத் துறை 2018-19 கணக்கைப் பார்த்தது. அந்த ஆண்டு பல்வேறு செஸ்களும் கட்டணங்களுமாக வந்தது சுமார் 2.75 லட்சம் கோடி. அவற்றுக்கு உரிய தனி நிதிகளுக்கு மாற்றப்பட்டது சுமார் 1.64 லட்சம் கோடி. மீதி பொதுத் தொகுப்பிலேயே தங்கிவிட்டது. யாரும் திருடவில்லை. ஆனால் எந்தக் கணக்குக்குப் போக வேண்டுமோ அந்தக் கணக்குக்குப் போகவில்லை. எங்கள் கிளையில் இப்படி இருந்தால் இன்ஸ்பெக்ஷனில் ஆடிட்டர் சிவப்பு மையில் எழுதிவிட்டுத்தான் காபி குடிப்பார்.

கேட் திரும்பி வந்தது

1931-ல் எடுத்த கேட் இப்போது ஃபாஸ்டேக்கோடு திரும்ப வந்துவிட்டது. கன்னியாகுமரி போனால் நாங்குநேரி, மதுரை போனால் கயத்தாறு தாண்டி சாலைப்புதூர். வாகன வரி கட்டி, பெட்ரோலில் செஸ் கட்டி, அதற்கு மேல் சுங்கம். முன்பு ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று என்றார்கள். இப்போது ஒன்றோடு இன்னொன்று.

2025 ஜூலையில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி ஆகிய நாலு சுங்கச்சாவடிகளுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வைத்த பாக்கி 276 கோடி ரூபாய். பாக்கி தீராவிட்டால் அரசு பஸ்களை விடக்கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு பேசித் தீர்ப்பதாகச் சொன்ன பிறகு அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. வரி வாங்கும் அரசே கட்டணம் கட்டத் தள்ளிப்போட்டால் வட்டமும் வம்பும் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள்.

நம் வாசல் ரோடு

நம்மில் பலர் பெட்ரோல் போடும்போது "இத்தனை வரி கட்டுகிறோம், நம் தெருவைப் பார்" என்று சொல்கிறோம். நானும் சொல்வேன். உண்மையில் நம் வாசல் தெரு மாநகராட்சித் தெரு. அதன் பராமரிப்புக்கு முதல் பொறுப்பு நாம் கட்டும் சொத்து வரியும், அரசு தரும் மானியமும். மத்திய செஸ் நெடுஞ்சாலைக்கு, மாநிலச் சாலைக்கு, கிராமச் சாலைக்குப் போகும். நம் தெருப் பள்ளத்தைத் தேடி வராது. எந்த ரோடு யாருடையது என்று தெரிந்துகொண்டு மனு கொடுத்தால் பாதி அலைச்சல் குறையும்.

பராமரிப்பு தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை கொள்ளாமல் ஓடியது. அத்தனை வெள்ளத்துக்கு எந்த ரோடும் தாங்காதுதான். ஆனால் ஓரத்தில் வடிகால் அடைந்து, விரிசல் மூடாமல் கிடக்கும் ரோடு அந்த மழையில் கால்வாசி பெய்தாலே போய்விடும். தாருக்குப் பகை தண்ணீர். விரிசல் வழியாக உள்ளே இறங்கினால் அடித்தளம் இளகும். பிறகு மேலே எத்தனை ஒட்டுப்போட்டாலும் நிற்காது. சிறு செலவைத் தள்ளினால் பெரிய செலவாக வரும்.

இன்னொரு மாற்றமும் நம் பேஸ்மென்டிலேயே நடந்துகொண்டிருக்கிறது. மின்சார ஸ்கூட்டர்கள் வரிசையாகச் சார்ஜ் ஆகின்றன. நல்லதுதான், புகை இல்லை. தமிழ்நாட்டில் அவற்றுக்கு வாகன வரி விலக்கும் கொடுத்தார்கள். பெட்ரோல் செஸ்ஸும் இல்லை. ஆனால் ரோட்டில்தான் ஓடுகின்றன. அமெரிக்காவில் பெட்ரோல் வரியை முதலில் போட்ட அதே ஆரிகன், 2015-ல் ஓடிய மைலுக்கு இவ்வளவு என்ற கட்டணத்தை விருப்பம் உள்ளவர்களுக்குத் தொடங்கியது. டாங்க் என்ற மீட்டர் பழுதாகிறது, வேறு மீட்டர் தேடுகிறார்கள். இங்கேயும் ஒருநாள் அந்தக் கேள்வி வரும். வரும்போது நாம் கேட்க வேண்டியது எவ்வளவு என்பது மட்டும் அல்ல, எந்தக் கணக்குக்கு என்பதும்தான்.

அந்த அஜெண்டா

இப்போது நம் நிதிக்கு வருகிறேன். வீடு வாங்கிய அன்று சதுர அடிக்கு இவ்வளவு என்று நாம் எல்லோரும் கொடுத்தது அது. உள்சாலையைப் புதுப்பிக்கவும் வெளிச்சுவருக்கு வண்ணம் அடிக்கவும் என்று ரசீதிலேயே எழுதியிருக்கிறது. என் ரசீதை எடுத்துப் பார்த்தேன், நீங்களும் பாருங்கள். மழை வந்தால் இரண்டாம் பிளாக் முன்னால் தண்ணீர் தேங்குவதையும், பேவர் பிளாக் அமுங்கிப்போனதையும் நாம் தினமும் தாண்டித்தான் போகிறோம். போன மழையில் நம் குடியிருப்புப் பெரியம்மா ஒருவர் அங்கேதான் வழுக்கி விழுந்தார்.

பொதுக் கணக்கோடு சேர்த்தால் முதல் வருஷம் ஒன்றும் தெரியாது. சந்தா ஏறாது, எல்லோரும் சந்தோஷமாக இருப்போம். மூன்றாம் வருஷம் ரோடு போட எஸ்டிமேட் வரும்போது கணக்கில் பெயர் இருக்கும், பணம் இருக்காது. அப்போது புதிதாக வீடு வாங்கி வந்தவர்களிடம் தனி வசூல் கேட்போம். அவர்கள் "முன்பு வாங்கியது எங்கே" என்பார்கள். பதில் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்காது.

எனவே பொதுக்குழுவில் மூன்று திருத்தங்கள் கொண்டுவரப் போகிறேன். ஒன்று, அந்த நிதி தனி வங்கிக் கணக்கிலேயே இருக்கட்டும். இரண்டு, அவசரத்துக்கு எடுக்க வேண்டியிருந்தால் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் திருப்பி வைப்போம் என்று தீர்மானத்தில் எழுதி எடுப்போம். மூன்று, மாதச் செலவு பற்றாவிட்டால் சந்தாவையே ஏற்றுவோம். என் பங்கு கூடுகிறதே என்று எனக்கும் வருத்தம்தான், பென்ஷனில் வாழ்கிறவன். ஆனாலும் ஏன் கூடுகிறது என்று தெரிந்து கட்டுவேன்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கூட்டத்துக்குத் தவறாமல் வாருங்கள். ரசீதையும் எடுத்துவாருங்கள். கணக்கை நடுவில் வைத்துக்கொண்டு பேசுவோம்.